பிள்ளை தலையில் அடித்த சத்தியம்

எங்கள் தெருவில் எல்லோரும் நல்லவர்கள். யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடிக்க மூன்று பேர் ஓடுவார்கள். சாவு வீட்டுக்குக் காபி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒருவன் பெண்டாட்டியை அடித்தால் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் டி.வி. சத்தம் போதாமல் போய்விடும், கூட்டி வைப்பார்கள். அந்த நல்லவர்களில் நானும் ஒருத்தி. சொல்லப்போனால் முதல் ஆள். மற்றவர்களைத் திட்டுகிற இடத்தில் எல்லாம் என்னையும் சேர்த்தே திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிப்பது என் வேலை. ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த வெள்ளை வலைத்துணி. ஒரு நீளமான மேஜை, பக்கத்துக்கு மூன்று பெண்கள். வெட்டின ஓரம் உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். பிசிறு வெளியே நீட்டினால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருப்பார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து மடித்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவள். என் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். பிறந்த ஊர் தேவதானம். அப்பா இல்லை, அம்மா வயல் வேலைக்குப் போகிறவள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டினான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள்.

அந்தப் புருஷனைப் பற்றி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பெரியவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "வாங்க மாமா, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுருதேன்" என்பான். கேஸ் சிலிண்டரை மாடி வரைக்கும் தூக்கிக் கொண்டுவந்து வைப்பான். எனக்கும் எத்தனையோ தடவை வைத்திருக்கிறான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி ஒரு முகம். அவன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது சுவர் ஒட்டின இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் சொல்லி எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவனையே சிலிண்டர் தூக்கக் கூப்பிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உதடு கிழிந்து, மாராப்பெல்லாம் ரத்தமாக, பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"யக்கா, செத்த நேரம் இங்ஙன இருந்துக்கிடுதேன். யாருகிட்டயும் சொல்லாதீய. நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்குப் போவணும், துணைக்கு மட்டும் வாங்க" என்றாள்.

அவள் கேட்டது இவ்வளவுதான். ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு, ஒரு மூடின வாய், மறுநாள் காலையில் ஒரு துணை. இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. நான் என்ன செய்தேன்? அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "இந்த அநியாயத்தைக் கேக்க ஆளு இல்லையா?" என்று தெருவே கூடுகிற மாதிரிக் கத்தினேன். நாலு பேர் வந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தார்கள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் வந்தார்கள்.

தெரு முனையில் எங்கள் அம்மன் கோயில். எல்லோரும் அங்கே போனோம். கோயில் கமிட்டித் தலைவர் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தெருவில் எந்தச் சண்டைக்கும் அவர்தான் தீர்ப்பு. அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, இனிமே பொம்பளை மேல கை நீட்டுவியா?"

"நீட்ட மாட்டேன் மாமா."

"அப்ப சூடத்தை அணை."

தரையில் ஒரு சூடத்தை ஏற்றினார்கள். அவன் குனிந்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது அவனுக்கு. கூட்டத்தில் இரண்டு பெண்கள் "பாவம்" என்றார்கள். உதடு கிழிந்து நின்றவளைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அப்போது பிடித்தது சனி. "அவ நாளைக்கு ஸ்டேசனுக்குப் போறேன்னு சொல்லுதா. இவன் சத்தியம் பண்ணி, பொறவு அவ போயி கேஸைக் குடுத்தா சாமி சொல்லுக்கு என்ன மரியாதை? அவளும் ஒரு சத்தியம் பண்ணட்டும். நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயம்" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் என் பேச்சு எடுபட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அடுத்ததையும் சொன்னேன். "பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நம்பி வந்த வீட்டில் நாய் கடித்தது போல ஒரு பார்வை. பிறகு மகள் தலையில் கையை வைத்து, வீட்டு விஷயத்தை ஸ்டேஷனுக்கோ அம்மா வீட்டுக்கோ வேறு யாரிடமோ கொண்டுபோக மாட்டேன் என்று நாங்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். குங்குமம் வைத்து அனுப்பினோம். வீட்டுக்கு வந்து ஆறிப்போன குழம்பைச் சுடவைத்து ஒரு கிண்ணத்தில் அவளுக்கும் கொடுத்துவிட்டேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டதாகத்தான் ஞாபகம்.

அவன் செய்த சத்தியம் பொய்த்தால் அவன் உள்ளங்கை வேகும், அவ்வளவுதான். அவள் செய்த சத்தியம் பொய்த்தால் பிள்ளை சாகும். இதைத்தான் ரெண்டு பக்கமும் நியாயம் என்று நான் சொன்னேன். இந்தக் கணக்கு எனக்கு விளங்க எட்டு மாதம் ஆனது. அவனுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அந்த எட்டு மாதமும் தெருவில் ஒரு சத்தம் இல்லை. "பாத்தியா, சாமி நின்னு பேசுது" என்று தலைவர் டீக்கடையில் சொன்னாராம். நானும் அதைக் கம்பெனியில் நாலு பேரிடம் சொன்னேன். அவள் மேஜையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள். தள்ளி இருக்கிற துணிக்கட்டைக் கை நீட்டி எடுக்க மாட்டாள், எழுந்து நடந்துபோய் எடுப்பாள். மத்தியானம் சோற்றை மோரில் கரைத்துக் குடித்தாள். வெயில் காலத்தில் முழுக்கை ஜாக்கெட். ஆறு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறோம், ஒரு நூல் பிசிறு நீட்டினால் கண்டுபிடிக்கிறோம். இது எங்கள் கண்ணில் படவில்லை என்றால் நம்ப முடியுமா? பட்டது.

"நல்லாருக்கியாட்டி?" என்பேன்.

"நல்லாருக்கேன்க்கா."

அந்தப் பதிலே எனக்குப் போதுமாக இருந்தது. மேலே கேட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும். சத்தம் வராமல் அடி வாங்க அவள் கற்றுக்கொண்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். அவள் வீட்டுப் பாத்ரூம் எனக்குத் தெரியும். சொரசொரவென்ற சிமெண்டுத் தரை, அதில் எறும்புகூட வழுக்காது. ஷிப்ட் முடிந்து போனேன். கையில் மாவுக்கட்டு, கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "உண்மையைச் சொல்லுட்டி, அடிச்சானா?" என்றேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "என்னைய ஒண்ணும் கேக்காதீயக்கா. ஒருவாட்டி எங்கம்மாகிட்ட போன்ல வாயைத் தொறந்தேன். மறுநா பிள்ளைக்குக் காய்ச்சல். பத்து நா கெடந்துச்சு. அவரு பக்கத்துல உக்காந்து, 'இன்னுங் கொஞ்சம் சொல்லேன், என்ன ஆவுதுன்னு பாப்பம்'ன்னு சிரிக்காரு."

ஊருக்கே மழை பெய்து வீட்டுக்கு வீடு காய்ச்சல் கண்ட மாதம் அது. என் வீட்டிலும் இரண்டு பேர் படுத்தார்கள். இதை அவளிடம் சொன்னேன். "அது காய்ச்சல்க்கா. இது சத்தியம்" என்றாள். அவளுக்கு நான் புத்தி சொல்ல முடியாது. எனக்கே அந்தப் பயம் உண்டு. பிள்ளை தலையில் அடித்த சத்தியம் பொய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால் இன்றைக்கும் என் வாய் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாது. அந்தப் பயம் தெரிந்துதானே அதைக் கேட்டு வாங்கினேன்.

நேரே கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். "அவன் சத்தியத்தை மீறிட்டான். அவ சத்தியத்தை நீங்க எடுத்து விடுங்க" என்றேன்.

"மீறினான்னு அவ சொன்னாளா?"

"அவ எப்படிச் சொல்வா? சொல்லக் கூடாதுன்னுல்லா சத்தியம்."

"அவ சொல்லாம நாம எப்படி எடுத்துக்கிட? அவன் சூடத்தை அணைச்சிருக்கான். சாமி காரியத்துல அவசரப்படக் கூடாதும்மா. பங்குனிப் பொங்கல் வரட்டும், பூ கட்டிப் போட்டு சாமிகிட்ட உத்தரவு கேப்பம்."

பங்குனிக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது. அதற்குள் இன்னொரு கை முறியலாம், கழுத்தும் முறியலாம். சாமி நிதானமாக இருக்கும், ஏனென்றால் சாமிக்கு அடி விழவில்லை. வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "அடுத்த வீட்டு விசயம் நமக்கு எதுக்கு?" என்றார். எட்டு மாதத்துக்கு முன்னால் அதே கூட்டத்தில் முன் வரிசையில் நின்றவர் அவர். அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பில் உப்பு போடவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்.

கம்பெனியில் எங்கள் மேஜையில், வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருத்தி உண்டு. அவளுக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அவரிடம் கூட்டிப்போனாள். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டார். நான் சத்தியம் வாங்கின கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"இந்தக் குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதிக்கப்பட்டவங்கதான் வரணும்னு இல்ல. தெரிஞ்சவங்க யாரு வேணும்னாலும் தகவல் குடுக்கலாம். நீங்க குடுங்க. ஆனா கோர்ட்ல அவங்க வாயைத் தொறக்கணும். 'அப்படி ஒண்ணும் நடக்கல'ன்னு சொல்லிட்டா உங்க கையெழுத்துக்கு அர்த்தம் இல்ல" என்றார்.

கண்ணால் பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அவளை நெருங்கக் கூடாது, பிள்ளை அவளிடமே இருக்க வேண்டும் என்று மனு. இதற்குள் அவள் அம்மா வந்து கட்டுப் போட்ட கையோடு மகளையும் பேத்தியையும் தேவதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். அங்கேயும் அவனுடைய ஆட்கள் போய், புருஷன் வீட்டுக்கு அனுப்பு என்று நச்சரித்தார்கள். கோர்ட்டில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் அனுப்பிவிடுகிறேன் என்று அந்தத் தாயும் சொல்லிவிட்டாள். ஆக, விசாரணை நாளில் அவள் வாய் திறக்காவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே அவன் வண்டியில் ஏறி அதே வீட்டுக்குப் போக வேண்டும். போனால் அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் வருவாளா என்பது சந்தேகம்.

மேஜையில் இருந்த மற்ற நாலு பேரும் துணைக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் ஒருத்திக்கு மகன் ஸ்கூலில் மீட்டிங். ஒருத்திக்குத் தலைவலி. இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. தெலுங்குக்காரி மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். தேவதானத்தில் இருந்து தாயும் மகளும் பிள்ளையோடு வந்து இறங்க, ஐந்து பேருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம்.

கோர்ட்டு வளாகத்தில் எங்களுக்கு முன்னால் எங்கள் தெரு வந்து நின்றது. வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவளுக்காக மேஜையில் மூன்று பேரால் லீவு போட முடியவில்லை, அவனுக்காகப் பன்னிரண்டு பேர் வேலையை விட்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் கையில் அதற்குள் பால்கோவாப் பொட்டலம். ஒரு பெண்ணுக்கு வாழ்வா சாவா என்று முடிவாகிற நாளில்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் பால்கோவா வாங்காமல் இருக்க முடியாது எங்கள் ஜனங்களால். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அவர்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கமிட்டித் தலைவர் எங்களை நோக்கி வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை வழக்கைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினார்.

"நல்லாருக்காளாம்மா பிள்ளை? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

அவள் முகம் செத்துப்போனது. பிள்ளையைத் தன் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, "நான் உள்ள போயி ஒண்ணும் இல்லன்னு சொல்லிருதேன்க்கா. என்னைய விட்டுருங்க" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மனிதரைப் பார்த்து, "நீரெல்லாம் பெரிய மனுசனாக்கும்! பச்சப் பிள்ளைய வச்சுப் பயங்காட்டுதீரே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவள் பக்கம் திரும்பினேன். எனக்கு ஒரே மகன். ராணுவத்தில் எல்லையில் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும், வராத வாரம் எனக்குத் தூக்கம் வராது. அந்த மகனைத்தான் இழுத்தேன்.

"சத்தியம் கேட்டது நான். நீ வாயைத் தொறந்து அதால என்ன கேடு வந்தாலும் ஒம்பிள்ளைக்கு வராது. எம்மவன் தலையில விழட்டும். இந்தக் கோர்ட்டு வாசல்ல வச்சு, எம்மவன் தலை மேல ஆணையா சொல்லுதேன்."

அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க" என்றாள். அவள் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அன்னைக்கு எம்பிள்ள தலை. இன்னைக்கு உங்க பிள்ள தலை. அங்ஙன குளுருல கெடக்குதவன் என்ன பாவம் செஞ்சான்? அவன்கிட்ட கேட்டீயளா? அடிக்கது ஒருத்தன், வாங்குதது ஒருத்தி, நடுவுல பிள்ளைக தலைய எதுக்கு உருட்டுதீய?"

"ஏட்டி, நான் ஒனக்காகத்தான்..."

"எனக்காக நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அன்னைக்கு உங்ககிட்ட என்ன கேட்டேன்? செத்த நேரம் இருந்துக்கிடுதேன்னேன். யாருகிட்டயும் சொல்லாதீயன்னேன். காலைல துணைக்கு வாங்கன்னேன். இதுல எதைச் செஞ்சீய? கேட்டதைச் செய்ய ஒருத்தருக்கும் ஏலல. கேக்காதது அம்புட்டையும் செஞ்சீய."

அவள் குனிந்து மகளின் முகத்தைத் துடைத்தாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டு, உச்சந்தலையைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது தலை. சத்தியம் அடிக்க மேளம் இல்ல" என்று தனக்குள் சொன்ன மாதிரி சொன்னாள். பிள்ளையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு அவளாகவே படியேறினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தெருக்காரர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். தகவல் கொடுத்தவள் என்பதால் என்னை ஒரு ஓரமாக நிற்க விட்டார்கள். அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வக்கீலம்மா அவளுக்குப் பின்னால் நின்றார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன நடந்ததும்மா? பயப்படாமச் சொல்லு" என்றார்.

அவன் தொண்டையைச் செருமினான். மெதுவாகத்தான் செருமினான், எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லருந்து அடிக்காரு. கையை முறிச்சது இவருதான். பாத்ரூம்ல விழல" என்றாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல? ஒரு புகார்கூடக் குடுக்கலையே."

அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஓரத்தில் நின்ற என்னைக் காட்டினாள்.

"சொல்லக் கூடாதுன்னு இவிய சத்தியம் வாங்கிட்டாவம்மா. எம்பிள்ள தலையில அடிக்க வச்சு."

நீதிபதியம்மா என் பக்கம் திரும்பி, "உண்மையா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சத்தமாகச் சொன்னேன்.